சிரிப்புக்கு விலை கொடுப்பவர் யார்?
திரைப்பட நகைச்சுவையும் நகைக் கொள்கைகளும்

மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியர் அவற்றுள் நகையை முதலில் வைத்தார். அழுகை அதற்கு அடுத்ததுதான். வடமொழியில் பரதரின் நாட்டிய சாத்திரம் ஹாஸ்யத்தை எட்டுச் சுவைகளுள் ஒன்றாகக் கொண்டு, புன்முறுவலில் தொடங்கி உடம்பு குலுங்கச் சிரிப்பது வரை ஆறு படிகளாகப் பிரிக்கிறது. கிரேக்கத்தில் பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் இதைப் பற்றி எழுதினார்கள். இத்தனை பேர் இத்தனை நூற்றாண்டாக ஆராய்ந்த பொருள் இது. ஆனாலும் கவுண்டமணி, செந்தில் காட்சி ஒன்றைப் பார்த்துவிட்டு ஏன் சிரித்தாய் என்று கேட்டால், "சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன்" என்பதுதான் நம்மில் பலருடைய பதில்.

அந்தப் பதிலில் தவறொன்றும் இல்லை. ஆனால் தமிழ்நாட்டுக்கு வெளியே பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு அது போதாது. ஊரில் இருப்பவர்களுக்குத் தமிழ் தெருவிலேயே கிடைக்கிறது. நம் பிள்ளைகளுக்கோ வீட்டுப் பேச்சை விட்டால் பெரும்பாலும் சினிமாவிலிருந்துதான் கிடைக்கிறது. அதிலும் நகைச்சுவைக் காட்சிகளே அதிகம். தொலைக்காட்சியில் நாள் முழுவதும் நகைச்சுவைக்கென்றே ஓடும் அலைவரிசைகள் இருக்கின்றன. கைப்பேசியைத் தொட்டால் வடிவேலு வருகிறார். தமிழோடு சேர்த்து எதைக் கண்டு சிரிக்கலாம் என்ற பாடமும் உள்ளே போகிறது. எனவே நகையைப் பற்றிய கொள்கைகளை நாம் அறிந்த சில காட்சிகளோடு பொருத்திப் பார்ப்போம். அவை எதை விளக்குகின்றன, எதை விளக்காமல் விட்டுவிடுகின்றன என்பதும் அப்போது தெரியும்.

நகை பிறக்கும் நான்கு இடங்கள்

மெய்ப்பாட்டியல் நகைக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது. எள்ளல் என்பது கேலி. இளமை என்பது பிள்ளைத்தனம். பேதைமை என்பது அறியாமை. நான்காவது மடன். பேதைமைக்கும் மடனுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்கத் தோன்றும். உரையாசிரியர் பேராசிரியர் நுட்பமாகப் பிரிக்கிறார்: தெரியாமல் இருப்பது பேதைமை, காதில் விழுந்ததை ஆராயாமல் மெய்யென்று பிடித்துக்கொள்வது மடன்.

இந்த நான்கையும் திரையில் காண்பது எளிது. ரோவன் அட்கின்சன் நடித்த 'மிஸ்டர் பீன்' முழுக்க முழுக்க இளமை. வளர்ந்த உடம்புக்குள் ஒரு சிறு பையன். அதனால்தான் மொழி தெரியாத நாடுகளிலும் குழந்தைகள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். 'வைதேகி காத்திருந்தாள்' (1984) படத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கு எப்படி எரிகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வந்து, மேன்டிலைத் தொட்டு உதிர்த்துவிடும் செந்தில் பேதைமைக்கு எடுத்துக்காட்டு. அதற்காக அவர் வாங்கும் வசவு எள்ளல். 'இம்சை அரசன் 23-ம் புலிகேசி' (2006) படத்தில் ராஜகுரு சொல்வதையெல்லாம் அப்படியே நம்பி ஆட்சி செய்யும் மன்னனிடம் இருப்பது மடன்.

பேராசிரியர் இதோடு நிற்கவில்லை. இந்த நான்கும் பிறரிடம் கண்டு சிரிப்பதாகவும் இருக்கலாம், தன்னிடமே தோன்றித் தான் சிரிப்பதாகவும் இருக்கலாம் என்கிறார். பிறரால் எள்ளப்பட்டபோது தானும் சேர்ந்து சிரிப்பதையும் அவர் நகையில் சேர்க்கிறார். இந்தக் குறிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பின்னால் வேண்டியிருக்கும்.

மேலைநாட்டார் கொள்கைகள்

மேல்நாட்டு அறிஞர்கள் சொன்னவற்றைப் பொதுவாக மூன்றாகப் பிரிப்பார்கள்.

முதலாவது உயர்வுணர்ச்சிக் கொள்கை. ஆங்கிலேய அறிஞர் தாமஸ் ஹாப்ஸ் 1651-இல் வெளியிட்ட 'லெவயதன்' நூலில், பிறரிடம் ஒரு குறையைக் கண்டு அவரைவிட நாம் மேல் என்று திடீரெனத் தோன்றும் பெருமையே சிரிப்பு என்றார். வழுக்கி விழுபவரைப் பார்த்து வரும் சிரிப்பு இந்த வகை. நம் எள்ளலுக்குப் பக்கத்தில் வைக்கத்தக்கது.

இரண்டாவது முரண்பாட்டுக் கொள்கை. ஜெர்மன் தத்துவ அறிஞர் காண்ட் 1790-இல், இறுகிக்கொண்டே போன ஓர் எதிர்பார்ப்பு சட்டென்று ஒன்றுமில்லாமல் போகும்போது சிரிப்பு வருகிறது என்று விளக்கினார். அவருக்குப் பின் வந்த ஷோப்பன்ஹவர், மனத்தில் உள்ள கருத்துக்கும் கண்முன் உள்ள பொருளுக்கும் பொருத்தமில்லை என்று திடீரென உணர்வதே நகை என்றார்.

மூன்றாவது தளர்வுக் கொள்கை. உள்ளே தேங்கிய உணர்ச்சி வெளியேறும் வழிதான் சிரிப்பு என்று 1860-இல் ஹெர்பர்ட் ஸ்பென்சர் எழுதினார். 1905-இல் சிக்மண்ட் ஃபிராய்டு அதை விரிவுபடுத்தி, நாம் அடக்கி வைத்திருக்கும் எண்ணங்கள் வேடிக்கைப் பேச்சு என்ற போர்வையில் வெளியே வருகின்றன என்றார்.

இம்மூன்றுக்கும் இடையில் ஹென்றி பெர்க்சன் என்ற பிரெஞ்சு அறிஞரைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1900-இல் வந்த 'சிரிப்பு' என்ற அவருடைய நூலின் சாரம் இதுதான்: உயிருள்ள மனிதன் எந்திரம்போல நடந்துகொள்ளும்போது சிரிப்பு வருகிறது. சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' (1936) இந்தக் கருத்துக்கென்றே எடுத்த படம்போல இருக்கும். தொழிற்சாலையில் நாள் முழுவதும் திருகாணி முடுக்கிய தொழிலாளி, வேலை நின்ற பிறகும் கையை நிறுத்த முடியாமல் முடுக்கிக்கொண்டே இருக்கிறான். சிரிக்கிறோம், சிரித்து முடித்ததும் மனிதனை இப்படி ஆக்கிவிட்டார்களே என்று மனம் கனக்கிறது.

அதே சாப்ளின் 'கோல்ட் ரஷ்' (1925) படத்தில் பசி தாங்காமல் பூட்சை வேகவைத்துத் தின்கிறார். விருந்தில் உட்கார்ந்தவர்போலக் கத்தியால் அறுக்கிறார். கயிற்றைச் சேமியாபோலச் சுற்றி வாயில் போடுகிறார். ஆணிகளை எலும்புபோலச் சப்புகிறார். இங்கே ஹாப்ஸ் நமக்கு உதவமாட்டார். பட்டினி கிடப்பவனைவிட நாம் உயர்ந்தவர் என்று நினைத்தா சிரிக்கிறோம்? இல்லை. உயிர் போகும் பசியிலும் மரியாதையை விடாத அந்த மனிதனைக் கண்டு வியந்துகொண்டே சிரிக்கிறோம். பூட்ஸ் ஒரு பக்கம், விருந்து மரியாதை ஒரு பக்கம். ஷோப்பன்ஹவர் சொன்ன பொருத்தமின்மை இதுவே.

வாழைப்பழக் கணக்கு

இனி நம்முடைய காட்சிக்கு வருவோம். கங்கை அமரன் இயக்கிய 'கரகாட்டக்காரன்' (1989) படத்தின் வாழைப்பழக் காட்சியை அறியாத தமிழர் இல்லை. கவுண்டமணி காசு கொடுத்து இரண்டு பழம் வாங்கிவரச் சொல்கிறார். செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றோடு வருகிறார். ஒன்று இங்கே இருக்கிறது, இன்னொன்று எங்கே என்று கேட்டால், கையிலிருக்கும் அதே பழத்தைக் காட்டி, அந்த இன்னொன்று இதுதான் என்கிறார்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது முட்டாளைப் பார்த்து வரும் சிரிப்பு என்று தோன்றும். கூர்ந்து பார்த்தால் அப்படி இல்லை. பத்து நாள் பேரேட்டைப் புரட்டியவருக்குக்கூட இது கணக்குத் தகராறு என்பது புரியும். கவுண்டமணி கையிலிருந்து எண்ணுகிறார்: கையில் இருப்பது ஒன்று, ஆகவே வர வேண்டியது இன்னொன்று. செந்தில் வயிற்றிலிருந்து எண்ணுகிறார்: வயிற்றுக்குள் போனது ஒன்று, ஆகவே கையில் இருப்பதுதான் இன்னொன்று. 'ஒன்று', 'இன்னொன்று' என்பவை பழத்தின் பெயர்கள் அல்ல. எண்ணுகிறவன் எங்கே தொடங்குகிறான் என்பதைப் பொறுத்து மாறும் சொற்கள். ஒரு பொருளைப் பற்றிய கூற்று, நிற்கும் இடத்தைப் பொறுத்தே மெய்யாகும் என்று எங்கள் சமண மரபில் அநேகாந்தவாதம் சொல்லும். அந்த நோக்கில் செந்திலின் வாக்கியத்தில் பிழை இல்லை. நேர்மைதான் இல்லை.

காட்சி நீள நீளச் சிரிப்பு ஏன் கூடுகிறது? கவுண்டமணி அந்த இடத்தில் பெரியவர். கேட்கவும் அடிக்கவும் அதிகாரம் உள்ளவர். அத்தனை அதிகாரமும் ஒரு வாக்கியத்திடம் தோற்கிறது. எத்தனை முறை கேட்டாலும் அதே பதில்தான். பெட்டியைத் திறந்தால் துள்ளி எழும் சுருள்கம்பிப் பொம்மையைப் பெர்க்சன் உதாரணம் காட்டுவார். அமுக்க அமுக்க அது எழும். செந்திலின் பதில் அந்தப் பொம்மை. ஒவ்வொரு கேள்விக்கும் நாம் ஒரு முடிவை எதிர்பார்க்கிறோம், காண்ட் சொன்னபடி அது ஒன்றுமில்லாமல் போகிறது. ஆகவே வசவு வாங்குபவர் செந்தில் என்றாலும் தோற்பவர் கவுண்டமணி. கோபக்காரப் பெரியவர் தோற்பதைப் பார்த்து, எங்கோ ஒரு முதலாளிக்கோ வாத்தியாருக்கோ பயந்து வாழ்ந்த தியேட்டர் முழுவதும் சிரிக்கிறது. இது மேலே இருப்பவன் கீழே இருப்பவனைப் பார்த்துச் சிரிப்பதற்கு நேர் எதிரானது.

பாலையாவின் முகம்

ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் தம் தந்தையாக வரும் பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சியும் அப்படித்தான். தளர்வுக் கொள்கைக்கு இது நல்ல உதாரணம் என்று எடுத்த எடுப்பில் தோன்றும்: பயம் ஏறுகிறது, காரணமில்லாத பயம் என்று தெரிந்ததும் இறங்குகிறது, சிரிப்பு வருகிறது. ஆனால் பயப்படுவது நாமா? நமக்குத் துளிகூடப் பயமில்லை. பயமெல்லாம் பாலையாவுக்குத்தான். அவர் இறுக்கத்துக்கு நாம் சிரிக்கிறோம். ஆகவே இந்த இடத்தில் தளர்வுக் கொள்கை பாதி வழி வரைதான் வருகிறது.

மீதி வழி இப்படி. படம் எடுக்கத் துடிக்கும் அந்தப் பிள்ளையிடம் பணமில்லை, காமிரா இல்லை. கதைகூட முழுதாக இல்லை. வாயால் எழுப்பும் ஓசையும் கையசைவும்தான் இருக்கின்றன. பணமும் அதிகாரமும் உள்ளவர் அப்பா. அந்தச் சில நிமிடங்களுக்கு அப்பாவின் நாடித்துடிப்பு பிள்ளையின் கையில் இருக்கிறது. இந்தத் தலைகீழ் மாற்றம் எதில் தெரிகிறது? கதை சொல்கிறவரிடம் அல்ல, கேட்கிறவர் முகத்தில். பாலையாவின் கண்ணும் உதடும் இல்லாவிட்டால் அது ஒரு பலகுரல் நிகழ்ச்சியோடு நின்றிருக்கும். மேடையில் பத்தாவது வரிசையில் இருப்பவருக்கு அந்த உதட்டு நடுக்கம் தெரியாது. காமிரா கொண்டுபோய் அருகில் காட்டுகிறது. திரை நகைச்சுவையின் தனிச்சொத்து இது. புகழ்பெற்ற கொள்கைகள் எல்லாம் சொல்லையும் கருத்தையும் பற்றியே பேசியதால், பக்கத்தில் நிற்கும் முகத்துக்கு அவை உரிய இடம் கொடுக்கவில்லை.

தூரமும் காமிராவின் கருவிதான். பஸ்டர் கீட்டனின் 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' (1928) படத்தில் ஒரு வீட்டின் முகப்புச் சுவர் முழுதாகச் சரிந்து அவர்மேல் விழுகிறது. திறந்திருந்த ஜன்னல் சரியாக அவர் நின்ற இடத்தில் வந்து விழுவதால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. காமிரா விலகி நின்று முழுச் சுவரையும் முழு மனிதரையும் ஒன்றாகக் காட்டுவதால்தான் அது நகை. முகத்தை மட்டும் காட்டியிருந்தால் வெறும் அச்சம்.

தெரிந்தால்தான் சிரிப்பு

"இதுல என்ன தாத்தா காமெடி?" என்று பேரப்பிள்ளைகள் கேட்பது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. முரண்பாட்டுக் கொள்கை இதற்கு விடை தருகிறது. பொருத்தமின்மையை உணர வேண்டுமானால் பொருத்தம் எது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

பெட்ரோமாக்ஸ் காட்சியை எடுத்துக்கொள்வோம். மேன்டில் என்பது உப்புக் கரைசலில் ஊறிய நூல்வலை. ஒருமுறை எரிந்ததும் நூல் போய்ச் சாம்பல்போன்ற ஒரு கூடு மிஞ்சும். கல்யாணப் பந்தலுக்கே வெளிச்சம் தருவது அந்தக் கூடு. விரல் பட்டால் பொடிப்பொடி. 1984-இல் படம் பார்த்தவர்கள் வீட்டு விசேஷத்துக்கு விளக்கு வாடகைக்கு எடுத்தவர்கள். செந்திலின் விரல் நீளும்போதே அவர்களுக்கு வயிற்றில் சிரிப்பு கிளம்பிவிட்டது. மின்விளக்கு மட்டுமே பார்த்த பிள்ளைக்கு விரல் நீண்டால் விரல்தான். அதற்குப் பிறகு வரும் திட்டு மட்டுமே அதன் காதில் விழுகிறது.

மாறாக, 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) படத்தில் பாலக்காட்டுச் சமையல்காரர் காமேஸ்வரன் படும் பாட்டுக்கு மும்பைப் பிள்ளைகள் நன்றாகவே சிரிக்கிறார்கள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அந்தப் பாலக்காட்டுத் தமிழ் காதில் விழுகிற தமிழ். சைவ விருந்தின் சாம்பாரில் மீன் விழுந்தால் அது எவ்வளவு பெரிய இடி என்பதையும் யாரும் விளக்க வேண்டியதில்லை. கிரேசி மோகனின் சிலேடைகளில் பாதி நழுவினாலும் அந்த மீன் மட்டும் நழுவுவதில்லை.

இதனால் நாம் அறிவது: ஒரு நகைச்சுவை புரிவதென்பது ஒரு வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது. பிள்ளைக்கு மேன்டிலைப் பற்றிச் சொல்லிவிட்டுக் காட்சியை மீண்டும் போட்டுக் காட்டலாம். 2019 மே மாத இறுதியில், 'ஃபிரெண்ட்ஸ்' (2001) படத்தில் தலையில் சுத்தியல் விழுந்த நேசமணிக்காகப் பிரார்த்திப்போம் என்று சமூக ஊடகத்தில் தமிழர்கள் தொடங்கிய வேடிக்கை உலகமெங்கும் பரவியது. யார் இந்த நேசமணி என்று அலுவலகங்களில் வடநாட்டு நண்பர்கள் கேட்டார்கள். நடக்காத விபத்துக்கு நிஜ அனுதாபம் காட்டுவதில்தான் விளையாட்டு என்று விளக்கிச் சொல்வதற்குள் சொன்னவருக்கே சிரிப்பு போய்விட்டது.

சேட்டும் மதராசியும்

இதுவரை சிரிப்பு எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தோம். அது யார் செலவில் பிறக்கிறது என்ற கேள்வி மீதி இருக்கிறது.

1968-இல் வந்த 'படோசன்' என்ற இந்திப் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். மெஹ்மூத் அதில் மாஸ்டர் பிள்ளை என்ற தென்னாட்டுப் பாட்டு வாத்தியார். அவருடைய இந்தி உச்சரிப்பும் உடையும் குடுமியும்தான் வேடிக்கை. இதே கதை வங்காளியில் 'பாஷேர் பாரி' (1952), தெலுங்கில் 'பக்கிண்டி அம்மாயி' (1953), தமிழில் 'அடுத்த வீட்டுப் பெண்' (1960) என்று முன்பே வந்ததுதான். தமிழ்ப் படத்தில் 'மதராசி' என்ற வேடிக்கைக்கு வழியே இல்லை அல்லவா? மெஹ்மூத் பெரிய நடிகர், அந்தப் போட்டிப் பாட்டு இன்றைக்கும் இனிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது எந்தக் காலம்? 1966-இல் சிவசேனை தொடங்கி, தென்னாட்டாருக்கு எதிரான கிளர்ச்சி பம்பாயில் நடந்த காலம். வெளியே அப்படி இருக்க, உள்ளே வெள்ளித்திரையில் ஒரு மதராசி கோமாளி. மற்றவர்களுக்கு எந்தத் தீங்குமில்லாத அந்தச் சிரிப்பு, அன்று இங்கே வேட்டியோடு நடமாடிய தமிழருக்கும் அப்படியே இருந்திருக்குமா?

நம் பக்கம் மட்டும் சுத்தமா? தமிழ்ப் படங்களில் தலைமுறை தலைமுறையாக வரும் 'சேட்டு' யார்? 'நம்பள், நிம்பள்' என்று பேசும் வட்டிக்கடைக்காரர். அவர் வாயைத் திறந்ததும் தியேட்டர் சிரிக்கும். பிறந்தது முதல் தமிழையே தாய்மொழியாகக் கொண்ட, வந்தவாசி, திண்டிவனம் பக்கத்துச் சமணர்களான எங்களைப் பார்த்து, ஜைனர் என்று சொன்னதுமே "ஓ, சேட்டா?" என்று தமிழ்நாட்டில் கேட்பவர்கள் இன்றும் உண்டு. மும்பையில் வியாபாரம் செய்ய வந்தால், "மதராசியா? மதராசியிலும் ஜைனர் உண்டா?" என்று இங்குள்ள மார்வாடி நண்பர்கள் வியக்கிறார்கள். ஊரில் சேட்டு, இங்கே மதராசி. இரண்டு கேலிக்கும் இலக்காக இருந்து பார்த்ததில், ஹாப்ஸ் சொன்ன திடீர்ப் பெருமை எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒரே சுவைதான் என்று எனக்குப் படுகிறது.

உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் எங்கள் மரபின் அடிப்படை நூல். அதில் வாய்மை விரதத்தைக் காப்பதற்கு விலக்க வேண்டியவை என்று சில சொல்லப்படுகின்றன. சினம், பேராசை, அச்சம் ஆகியவற்றோடு நகையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கோபத்தில் பொய் வரும், ஆசையில் பொய் வரும், பயத்தில் பொய் வரும்; இவை தெரிந்தவை. சிரிப்பில் எப்படிப் பொய் வரும்? திரைப்படம்தான் இதற்கு விளக்கம். "தென்னாட்டார் எல்லோரும் கோமாளிகள்" என்று ஒருவர் மேடையேறிச் சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள், ஆதாரம் கேட்பார்கள். அதையே வேடிக்கையாகக் காட்டினால் யாரும் ஆதாரம் கேட்பதில்லை. சுங்கச்சாவடியில் நிறுத்தாத வண்டிபோலப் பொய் உள்ளே போய்விடுகிறது. பெர்க்சனும், சிரிக்கும் நேரத்தில் இதயம் சற்று மரத்துப்போக வேண்டும் என்றார். மரத்த இடத்தில் ஊசி குத்தினால் தெரியாது.

நம் மொழிப்பற்றுக்கே சவாலான ஓர் உதாரணம் உண்டு. 'சிவாஜி' (2007) படத்தில் அங்கவை, சங்கவை என்று இரண்டு பெண்கள் வருகிறார்கள். பாரி மகளிர் பெயர்களாக நாம் வழங்கிவரும் பெயர்கள் அவை. கறுப்பு மை பூசிய அவர்கள் முகத்தைக் கண்டு பெண் பார்க்க வந்தவர்கள் அலறுவதுதான் நகைச்சுவை. தமிழின் பெருமைமிக்க இரண்டு பெயர்களையும், தமிழரில் பெரும்பாலோரின் நிறத்தையும் ஒரே காட்சியில் கேலிப்பொருளாக்கி, தமிழர்களையே கைதட்ட வைத்த காட்சி. அப்போதே கண்டனங்கள் எழுந்தன. ஆனால் தியேட்டரில் அம்மா மடியிலிருந்து அதைப் பார்த்த மாநிறச் சிறுமி எதைக் கற்றிருப்பாள்?

பிறப்பும் பாவனையும்

அப்படியானால் சிரிக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். அதற்கு விடை பிளேட்டோவிடம் இருக்கிறது. 'ஃபிலீபஸ்' என்ற உரையாடலில் அவர், தன்னைத் தான் அறியாமல், இல்லாத செல்வமும் அழகும் அறிவும் தனக்கு இருப்பதாக நினைப்பவனே நகைப்புக்கு உரியவன் என்கிறார். அரிஸ்டாட்டில் இன்னொரு நிபந்தனை சேர்த்தார்: அந்தக் குறை வலியோ அழிவோ தராததாக இருக்க வேண்டும். 2010-இல் மெக்ரா, வாரன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட கொள்கையும் ஏறக்குறைய இங்கேதான் வந்து நிற்கிறது. ஒன்று வரம்பு மீறியதாகவும் அதே நேரத்தில் தீங்கற்றதாகவும் தோன்றினால் நகை பிறக்கும் என்பது அவர்கள் கூற்று.

'வின்னர்' (2003) படத்தின் கைப்புள்ளயை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். ஒரு சங்கத்துக்குத் தலைவர். வாயில் வீரம், முதுகில் அடி. அடிவாங்கிய கையோடு அடுத்த சவடாலுக்குத் தயாராகிவிடுவார். நாம் சிரிப்பது அவருடைய உடம்பையோ ஊரையோ சாதியையோ பார்த்தல்ல. அவர் போட்டுக்கொண்ட வேஷத்துக்கும் உள்ள நிலைமைக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பார்த்து. அந்தத் தூரம் எல்லோரிடமும் உண்டு. வீட்டில் சிங்கம், கடையில் பூனை என்று வாழ்பவர் யாராக இருந்தாலும் கைப்புள்ளயில் தன்னைக் காண்பார். புலிகேசி மன்னன் தன் தலையைக் கட்டுமஸ்தான வேறோர் உடம்பின்மேல் வரைந்துகொள்வதும் இதே கதைதான். பேராசிரியர் சொன்ன, தன்னிடமே தோன்றும் நகை இதுவே. ஆனால் வடிவேலு தம் நிறத்தைத் தாமே கேலி செய்யும் இடங்கள் வேறு கணக்கு. அங்கே சிரிப்பு மறுபடியும் பாவனையை விட்டுப் பிறப்பின்மேல் விழுகிறது. எவ்வளவு பெரிய கலைஞர் செய்தாலும் அது அங்கவை, சங்கவை பக்கத்தில்தான் போய் நிற்கும்.

பாவனையைக் கேலி செய்யலாம். ஏனென்றால் அதைக் கழற்றி வைக்க முடியும். பிறப்பைக் கழற்ற முடியாது. நல்ல நகைச்சுவைக்கும் கெட்ட நகைச்சுவைக்கும் நான் காணும் வேறுபாடு இவ்வளவுதான். மேலே சொன்ன கொள்கைகளில் பெரும்பாலானவை சிரிப்பு என்ற விளைவை விளக்கின, இந்த வேறுபாட்டை விளக்கவில்லை. காண்டின் கொள்கைப்படி வாழைப்பழமும் அங்கவையும் ஒன்றுதான். இரண்டிலும் எதிர்பார்ப்பு கவிழ்கிறது. வாய்மையைக் கேட்டால்தான் வேறுபாடு தெரியும். சவடால்காரன் கோழை என்பது உண்மை. கறுப்பு அழகற்றது என்பது பொய்.

சிரிப்பின் வழியே பொய் நுழையும் என்றால் உண்மையும் நுழையும். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் இதை நன்றாக அறிந்தவர். 'நல்லதம்பி' (1949) படத்தில் அவர் செய்த கிந்தனார் காலட்சேபம், நந்தனார் கதையின் அச்சிலேயே வார்த்தது. நந்தன் சிதம்பரம் போக ஏங்கினான். கிந்தனோ படிக்கப் பட்டணம் போகிறான். கேட்பவர் பழைய கதைக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார, புதிய கதை உள்ளே போகிறது. கல்வி எல்லோருக்கும் வேண்டும் என்று மேடையில் முழங்கியிருந்தால் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள்.

நம் மேடைக்கு ஒரு விண்ணப்பம்

இதையெல்லாம் சினிமாக்காரர்களுக்கு மட்டும் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. தமிழ்ச் சங்கங்களின் ஆண்டுவிழா நாடகங்களைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். கூர்க்கா வந்தால் சிரிப்பு, பையா வந்தால் சிரிப்பு, சேட்டு வந்தால் பெருஞ்சிரிப்பு. 'படோசன்' நமக்குச் செய்ததை நாம் வேறொருவருக்குச் செய்கிறோம். வாசலில் நிற்கும் காவலாளி உள்ளே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தால் அந்தக் காட்சியை அப்படியே நடிக்க நமக்கு மனம் வருமா? வரும் என்றால் அது நல்ல நகைச்சுவை, தாராளமாக நடிக்கலாம். தயங்கினால் எழுதியவர் இன்னும் ஒருமுறை உட்கார்ந்து எழுத வேண்டும்.

வீட்டிலும் இது முடியும். பிள்ளை ஒரு காட்சிக்குச் சிரித்தால், "எதுக்குச் சிரிச்சே?" என்று அதட்டாமல், ஆசையாகக் கேளுங்கள். "அவன் பொய் சொல்லி மாட்டிக்கிட்டான்" என்று பதில் வந்தால் கூடச் சேர்ந்து சிரியுங்கள். "அவ கறுப்பா இருக்கா" என்று வந்தால் அன்றைக்கு அரைமணி நேரம் பேச வேண்டியிருக்கிறது என்று பொருள்.

அடுத்த ஆண்டு நாடகம் எழுதப்போகும் இளைஞர்களுக்கு ஆட்கள் வேண்டுமென்றால் வெளியே தேட வேண்டாம். ஊருக்குப் போனால் மும்பைப் பெருமை, மும்பையில் இருந்தால் ஊர்ப் பெருமை பேசும் நம்மைவிட நல்ல பாத்திரம் கிடைக்காது. சங்கத்தின் செயலாளரைப் பற்றியும் எழுதலாம், அவர் சிரித்துக்கொள்வார். பொருளாளரை மட்டும் தொட வேண்டாம். கணக்குக் கேட்கிறீர்கள் என்று நினைத்துவிடுவார்.